மூன்றாவது வரிக்கு ஒரு திருத்தம்

திருவண்ணாமலை,
ஜூன் 12, வியாழக்கிழமை.

அன்பு மகள் வஜீதாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் அம்மாவும் தங்கை பிர்தௌசும் சுகம். டிரெஸ்டனில் நீ சுகமாக இருக்கிறாய் என்பது செவ்வாய்க்கிழமை வீடியோவில் பார்த்தவரைக்கும் தெரியும், அதற்குப் பிறகும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பிர்தௌசின் டி.சி. ரத்தாகிவிட்டது. இன்று காலை பத்தரை மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் பதிவேட்டை என் கண்ணால் பார்த்தேன், வரிசை எண் 118-க்கு நேரே சிவப்பு மையில் ‘ரத்து’ என்று எழுதித் தலைமையாசிரியர் மதிவதனி கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே அவள் வேங்கிக்கால் பக்கம் நீ பார்த்து வைத்த தனியார் பள்ளிக்குப் போகவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து படித்த அதே அரசு பெண்கள் பள்ளியில்தான் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கப் போகிறாள். நேற்று போனில் ஏன் இப்படி என்று கேட்டாய், சின்ன விஷயம்மா, அப்புறம் சொல்றேன் என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சின்ன விஷயம்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் இரண்டாவது வரியை அடிப்பதற்குள் நீ முதல் வரிக்குப் பதில் போட்டுவிடுவாய். போனில் சொன்னால் இந்த வீட்டில் மீதி இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். தபாலில் போனால் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும், அதனால் பாதகமில்லை, அவசரமான பகுதி நேற்றே முடிந்துவிட்டது.

வீட்டுச் செய்தி கொஞ்சம். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்வதில்லை, நீ கேட்டால் மட்டும் செய்வதாகச் சொல்கிறாள். வெயில் இந்த வருஷம் ஜாஸ்தி இல்லை, சாயந்திரமானால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, மழை மட்டும் வருவதில்லை. நேற்றுவரை வைகாசிப் பௌர்ணமிக் கூட்டம், ஊரைச் சுற்றிப் பத்து இடத்தில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டும் போதவில்லை. கூட்டம் எத்தனை லட்சம் என்று எழுதுவதில் எனக்கும் மற்ற பத்திரிகை நிருபர்களுக்கும் வழக்கம்போல ஒத்துப்போகவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த ஊரில் எந்த மாதம் போடுவது என்று தெரியவில்லை, பீரோவில் இருக்கிறது.

அந்த பீரோவின் உள்கதவில்தான் உன் திட்டமும் ஒட்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த ஐந்தாம் நாள், மே 21, நீ அனுப்பியதை பிர்தௌஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்து ஒட்டினாள். நான்கு பக்கம், நாற்பத்தொரு வரி. பதினோராம் வகுப்பில் எந்த குரூப், எந்த மாதம் எந்த உதவித்தொகைத் தேர்வு, கால்நடை மருத்துவத்துக்கு எத்தனை கட் ஆஃப் வேண்டும், அது கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன, எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதி ஆகும், எல்லாம் இருந்தது. ஆபீஸ் வேலைக்கு நடுவே நீ எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பாய் என்று நினைத்தேன். நல்ல வேலை, இதை நான் சும்மா சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் ‘பொறுப்பு’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் உன் பெயர் பதினேழு இடத்தில், பிர்தௌஸ் பதினைந்து, அம்மா ஆறு. என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்பதாவது வரியில் ‘செராக்ஸ் – அத்தா’. இருபத்தேழாவது வரியில் ‘போட்டோ, செராக்ஸ் – அத்தா’. கூட்டிப் பார்த்தால் நாற்பது வருகிறது, மிச்சம் ஒரு வரி இருக்கிறது. அது இருபத்திரண்டாவது வரி, அக்டோபரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு. அதற்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில் ‘யூடியூப்’ என்று போட்டிருக்கிறாய்.

இருபத்தொன்பது வருஷமாக இந்த மாவட்டத்துக்குத் தமிழில் செய்தி எழுதுகிறேன். கலெக்டர் ஆபீஸில் ஒரு அறிவிப்பு வந்தால், அது ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஆவது என் கையில்தான். ரிசல்ட் வருகிற வாரம் என் போன் ஓயாது. எந்த குரூப் எடுக்கலாம், எந்தச் சான்று வாங்கணும், கடைசித் தேதி எப்போ என்று முகம் தெரியாதவர்கள் கேட்பார்கள். என் வீட்டில் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாயும் சனியும் ராத்திரி எட்டரை மணிக்கு உன் போன் வரும், பிர்தௌஸ் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அரை மணி நேரம் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். கட் ஆஃபில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் கூடத்தில் உட்கார்ந்து யோசிப்பேன். ஒருநாள் நானாகவே அவளிடம், பயாலஜியில எந்தப் பாடம் கஷ்டம்மா என்று கேட்டேன். “அக்காவைக் கேட்டுட்டுச் சொல்றேன் அத்தா”னு சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எது கஷ்டம் என்பதை ஜெர்மனியில் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பேரு ரெண்டே இடத்துலதான் இருக்குன்னு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே, “ரெண்டு இடத்துல இருக்குதில்ல, போதாதா? போன வாரம் ஆதார் கார்டை செராக்ஸ் மிஷின்லயே வச்சிட்டு வந்தீங்க, அதுவே கஷ்டம்தான் உங்களுக்கு”னு சொன்னாள்.

இனி மூன்றாவது வரி. ‘ஜூன் 11: டி.சி. வாங்கி தனியார் பள்ளியில் சேர்ப்பு.’ நீ உன் வருஷத்தை நினைத்து எழுதியிருக்கிறாய். பத்தாவது முடித்ததும் நீயும் அப்படித்தான் மாறினாய், உனக்கு அதனால் நல்லதுதான் நடந்தது. ஆனால் நீ காலேஜ் முடித்து அந்த ஊருக்குப் போன பிறகு இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு வந்தது. முதலில் மருத்துவம், அடுத்த வருஷம் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு வருஷம் வெளியே போனாலும் கிடையாது. நீ பத்தொன்பதாவது வரியில் எழுதிய புதுமைப் பெண் உதவித்தொகையும் அப்படித்தான், தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. உன் மூன்றாவது வரி பத்தொன்பதாவது வரியை வெட்டுகிறது. பிர்தௌஸ் பத்தாவதில் வாங்கியிருக்கும் மார்க்கை வைத்துப் பார்த்தால், பொதுப் பட்டியலில் கால்நடை மருத்துவம் எட்டுமா என்பது சந்தேகம், ஏழரையில் எட்டும். கிரிவலப் பாதையில் அடிபட்டுக் கிடந்த நாய்க்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்த நாளிலிருந்து அவள் வேறு படிப்பின் பெயரைச் சொன்னதில்லை, உனக்கே தெரியும். அவளுடைய மொத்த விஷயமும் அந்த ஒரு வரியில் போயிருக்கும்.

நேற்று போனில் நான் சொல்லாதது இதுதான். இந்தத் தவறு எனக்கு மே 21 அன்றே தெரியும். திட்டத்தை ஒட்டிய அன்று சாயந்திரமே மூன்றாவது வரியில் என் கண் நின்றது. பழைய கட்டிங் ஃபைலை எடுத்துப் பார்த்தேன், ஒதுக்கீடு வந்தபோது நான் எழுதிய செய்தி இருந்தது, நான்கு பத்தி அகலத்துக்கு, என் பெயரோடு. மறுநாள் கல்வி அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை வஜீதா, இருபத்தொரு நாள்.

பொறாமை என்ற சொல்லை நான் ஒரு செய்தியிலும் எழுதியதில்லை. போலீஸ் நிலையத்தில் அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் முன்விரோதம் என்று எழுதிவிடுவோம். இங்கே முன்விரோதம் எதுவும் இல்லை, எனக்கு உன்மேல் பொறாமை, அவ்வளவுதான். அப்போது என் மனதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். கடைசி நாள் வரைக்கும் விடலாம், பத்தாம் தேதி ராத்திரி உன் போன் வரும்போது ஃபைலோடு உள்ளறைக்குப் போய்ச் சொல்லலாம், இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்துவீர்கள், அத்தாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக. இதில் இன்னொரு கேவலமும் இருக்கிறது. மே 28 அன்று அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருக்கும் இராமலிங்கம் போன் செய்து, தன் பெண்ணைத் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கலாமா என்று கேட்டார். ஏழரையைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கிச் சொல்லி, பொண்ணை அரசுப் பள்ளியிலேர்ந்து எடுத்துடாதீங்க என்று அழுத்திச் சொன்னேன். “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும், உங்க பொண்ணுங்களுக்குக் கொடுப்பினை”னு சொன்னார் அவர். நான் நின்றிருந்தது அந்த பீரோவுக்கு எதிரில்.

பத்தாம் தேதி எனக்குப் பௌர்ணமி வேலை, உன் போன் வந்த நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்து முகம் காட்டினேனே தவிர, வாசலில் போட்டோகிராபர் வண்டியை நிறுத்தாமல் காத்திருந்ததால் பேச முடியவில்லை. திட்டத்தில் பதினொன்று என்றுதானே இருக்கிறது, காலையில் சொல்லித் தடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் பிர்தௌஸ் உன்னை மாதிரி. பௌர்ணமியில் ரோடு அடைத்துவிடுவார்கள் என்று ஒன்பதாம் தேதியே அம்மாவோடு போய் டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டாள், பதினொன்று அது கைக்கு வருகிற நாள். நேற்று காலை பத்தேகாலுக்கு, நான் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிரில் இருக்கும்போது அம்மா போன் செய்து, பிர்தௌஸ் டி.சி. வாங்கப் போயிருக்கா, வர்றப்ப அதையும் செராக்ஸ் போட்டுட்டு வந்துடுங்க என்றாள். ஆட்டோ போகவில்லை. கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில், முந்தின நாளிலிருந்து பையில் இருந்த கட்டிங் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் இந்த ஆள் ஏன் திரும்பிப் போகிறான் என்று பார்த்தார்கள். போய்ச் சேரும்போது பதினொன்றே கால்.

தலைமையாசிரியர் அறையில் பிர்தௌஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. டி.சி. எழுதி மேஜைமேல் இருந்தது, கையெழுத்து மட்டும் போடவில்லை. கையெழுத்துப் போட எடுத்தவர் எங்கே சேரப் போறே, என்ன படிக்கப் போறே என்று கேட்டிருக்கிறார், அவள் சொன்னதும் பேனாவை மூடிவிட்டு ஏழரையை விளக்கியிருக்கிறார். அதாவது நான் இருபத்தொரு நாள் பொத்தி வைத்த செய்தி நான் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியாகிவிட்டது. தடுத்ததற்கு சந்தோஷப்பட வேண்டிய இடத்தில், அவரே சொல்லிவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். அவர் என்னைப் பார்த்ததும், “வாங்க சார். இதை அந்த வருஷம் பேப்பர்ல எழுதினது நீங்கதானே? அதைப் படிச்சுத்தான் எனக்கே விவரம் தெரியும். உங்க வீட்டுப் பொண்ணுக்கா இப்படி?”னு கேட்டார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிர்தௌஸ் திரும்பி என்னைப் பார்த்து, “அத்தா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றாள்.

மறந்துட்டேம்மா என்று சொன்னேன். கக்கத்தில் அந்தச் செய்தி இருந்தது.

அதை அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் சண்டை போட்டிருந்தால் எனக்கு சுலபமாக இருந்திருக்கும். வெளியே வந்து என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “அத்தாவைத் திட்டாதீங்கம்மா, வயசாயிடுச்சு, ஞாபகம் கம்மியாயிடுச்சு”னு சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரையை உறையைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். அம்மா திட்டவில்லை, அதுவும் பயமாக இருந்தது. அடுத்த தடவை உன்னிடம் பேசும்போது என்னை டாக்டரிடம் காட்டுவதைப் பற்றி அவர்கள் கேட்பார்கள், எனக்கு ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. பத்திரிகையில் தவறாக வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம், வருந்துகிறோம் என்று முடிப்போம். இந்தக் கடிதம் அந்தத் திருத்தம். தவறு உன் மூன்றாவது வரியில் மட்டும் இல்லை, என் வாயிலும் இருந்தது, வருந்துகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்றும் நீ கேட்பாய். பதினான்காவது வரியில் ‘முதல் பட்டதாரி சான்று: பிர்தௌசுக்குக் கிடையாது, வீட்டில் முதல் பட்டதாரி நான்’ என்று எழுதியிருக்கிறாய். சரியான தகவல்தான், வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அது. நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தது உனக்குத் தெரியும், முடிக்கவில்லை என்றும் தெரியும். முடிக்காமல் நின்றது ஒரே ஒரு பேப்பர், இரண்டாம் ஆண்டு ஆங்கிலம். நீ பன்னிரண்டு முடித்த வருஷம், பேப்பர் பாக்கி வைத்த பழைய ஆட்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது, பணம் கட்டினேன், ஹால் டிக்கெட்டும் வந்தது. அதே வாரம் உன் சான்றுக்காக கிராம நிர்வாக அலுவலர் தசரதன் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். “பாய், நீங்க நிருபர், டிகிரி முடிச்சிருப்பீங்களே?”னு கேட்டார். இல்லீங்க என்றேன், அன்று அது உண்மை. பரீட்சைக்குப் போய்த் தேறிவிட்டால் அது பொய்யாகிவிடுமோ என்று போகவில்லை. இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதே, நான் அப்படி எழுத மாட்டேன். ஆங்கிலத்தில் மறுபடி ஃபெயில் ஆகிவிடுவேன் என்ற பயமும் இருந்தது, இரண்டில் எது ஜாஸ்தி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் உன் பட்டமளிப்பு விழா போட்டோ வந்தபோது உன் முகத்துக்கு முன்னால் அந்தக் கறுப்பு அங்கியைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து இருக்கிறது இது. பெற்ற பிள்ளைமேல் இப்படி வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நீ வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே, ரொட்டியும் காபியும் சாப்பாடு இல்லை. சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் எடுத்த போட்டோவைப் பார்த்தேன், அம்மாவிடம் காட்டவில்லை. திட்டத்தில் மூன்றாவது வரியை மாற்றிப் புதிதாக அனுப்பு, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, உன் வேலையில் நான் பிழை தேடியது வேறு காரணத்துக்காக, பிழை ஒன்றுதான் கிடைத்தது. இருபத்திரண்டாவது வரியில் யூடியூப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்துப் பார், கட்டாயம் இல்லை.

இன்னும் தெரியாமல் இருப்பவை இவை. பதினோராம் வகுப்பு குரூப் பட்டியல் திங்கட்கிழமை காலை ஒட்டுகிறார்கள், உயிரியல்-கணிதத்தில் பிர்தௌஸ் பெயர் இருக்கும் என்று மதிவதனி மேடம் சொல்கிறார், ஒட்டிய பிறகுதான் உறுதி. அன்று சாயந்திரம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் மறந்துட்டேன் என்றது பொய் என்று நானே அவளிடம் சொல்வேன். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதற்கு என்னிடம் எந்தத் தகவலும் இல்லை. இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும், அதனால் நீ முந்திச் சொல்ல வேண்டிய வேலை இல்லை. மூன்றாவது, பழைய ஆட்களுக்கு இந்த வருஷம் இன்னொரு வாய்ப்பு அறிவித்திருக்கிறார்கள். உன் சான்றின் வேலை முடிந்துவிட்டது, இனி நான் தேறினால் யாருக்கும் நஷ்டமில்லை. போன மாதம் இ-சேவையில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஹால் டிக்கெட் ஜூலை மூன்றாவது வாரம் வரும் என்கிறார்கள், பரீட்சை ஆகஸ்டில்.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், கூட நிற்கும் நல்ல மனிதர்களையும் தரட்டும், நீ போகிற தெருவில் பனி வழுக்காமல் இருக்கட்டும். புதிய திட்டம் அனுப்பும்போது ஒன்றை மறக்காதே. கடைசியில் நாற்பத்திரண்டாவதாக ஒரு வரி சேர். ‘இரண்டாம் ஆண்டு ஆங்கிலம் – அத்தா’ என்று எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் உன் பெயரைப் போடு. செவ்வாயும் சனியும் பிர்தௌசுக்குக் கொடுக்கும் அரை மணியில் எனக்குப் பத்து நிமிஷம் போதும், கதவைச் சாத்திக்கொள்கிறேன். செராக்ஸ் நானே எடுத்துக்கொள்வேன்.

உன் அத்தா,
ஜியாவுல்லா